அத்தியாயம் 7: வேர்வையை விடுங்கள், வாடையைப் பிடியுங்கள்

கொடுமுடியில் சித்திரை மாதம் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிடும். ஈரோட்டுக்கோ கரூருக்கோ வேலைக்குப் போகிறவர் நெரிசலான பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துக் கையைத் தூக்கியபடி நின்றாக வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் மூக்கு சரியாக அந்தக் கக்கத்துக்கு நேரே இருக்கும். அந்தப் பேருந்துப் பயணத்துக்காகத்தான் இந்த அத்தியாயம்.

கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாவை விட்டுவிட்டு, நாட்டு மருந்துக்கடையிலும் மளிகையிலும் கிடைக்கும் பொருள்களை வைத்தே வாடையைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் இயற்கைப் பொருள் என்றாலே கெடுதல் செய்யாது என்ற நினைப்போடு தொடங்காதீர்கள். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதி, நாட்டு மருந்துக்கடைப் பொருள்களைப் பற்றியவைதான்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு மட்டும்

வேர்வைக்கு வாடை கிடையாது. கக்கத்தில் பருவ வயதில் வேலை செய்யத் தொடங்கும் ஒருவகைச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் கசிவைத் தோலில் வாழும் பாக்டீரியா தின்று உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்க விளையாடினாலும் பெரியவர்கள் மாதிரி நாறுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். டியோடரன்ட், பாக்டீரியாவைக் குறைத்து மேலே ஒரு வாசனையைப் போடும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அலுமினிய உப்புகளால் வேர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைத்துவிடும். நம் வெயிலில் வேர்வையை நிறுத்த நினைப்பதே வீண்வேலை என்பது என் கருத்து. வேர்வை வரட்டும். பாக்டீரியாவுக்குத் தீனியையும் ஈரத்தையும் குறைத்தால் போதும்.

ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. அந்தப் பயத்தில் மாற வேண்டியதில்லை. செலவு, தோல் அரிப்பு, மூக்கைத் துளைக்கும் செயற்கை வாசனை, சட்டையில் படியும் மஞ்சள் கறை ஆகியவற்றில் எது உங்களுக்குத் தொந்தரவோ, அதற்காக மாறுங்கள்.

முதல் வாரம்: எதையும் பூசாதீர்கள்

பலர் ஸ்ப்ரேயை நிறுத்திய அன்றே படிகாரம், பொடி, களிம்பு எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவார்கள். நாலாம் நாள் அரிப்பு வந்தால், எதனால் வந்தது என்று தெரியாது. அதனால் முதல் வாரம் குளியலையும் துணியையும் மட்டும் சரிசெய்யுங்கள்.

1. கக்கத்து முடியைக் கத்தரியால் குட்டையாக வெட்டுங்கள். மழிக்க வேண்டியதில்லை. முடி குறைந்தால் ஈரமும் கசிவும் தங்கும் இடம் குறையும்.

2. காலை, மாலை இரண்டு வேளையும் சோப்பைக் கையில் நுரைத்துக் கக்கத்தில் தேய்த்து, அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பெரும்பாலானோர் மேலுக்கு சோப்பைத் தடவிய உடனே தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். பீர்க்கங்கூட்டை வைத்துக் கக்கத்தைச் சுரண்டாதீர்கள்.

3. துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு மின்விசிறிக்கு நேரே இரண்டு நிமிடம் கையைத் தூக்கி நில்லுங்கள். ஈரத்தோடு பனியன் போடுவதுதான் இந்தப் பக்கத்தில் நான் பார்க்கும் முதல் தவறு.

4. அந்தத் துண்டைத் தினமும் வெயிலில் காயப்போடுங்கள். குளியலறைக் கதவில் ஈரமாகத் தொங்கும் துண்டு, கழுவி அனுப்பிய வாடையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்.

5. தோலோடு ஒட்டும் துணி பருத்தியாக இருக்கட்டும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2014ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களின் பருத்திச் சட்டையையும் பாலியெஸ்டர் சட்டையையும் ஒப்பிட்டார்கள். பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. நாற்றம் உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியா அதில்தான் செழித்து வளர்ந்தது. பக்கத்திலேயே திருப்பூர் இருக்கும்போது நூறு சதவீதப் பருத்தி பனியனுக்கு நமக்கென்ன பஞ்சம்?

பல வருடம் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போட்டு நிறுத்தியவருக்கு முதலில் சில நாள் ஈரம் கூடுதலாகத் தெரியும். அடைத்திருந்த துளை திறந்துகொள்கிறது, வேறொன்றுமில்லை. உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது என்று சொல்லிக் களிமண் பற்றும் கரிப்பொடியும் விற்பார்கள். வாங்காதீர்கள். நச்சை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

இந்த ஐந்தையும் ஒழுங்காகச் செய்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராதவர்கள் மேலே படியுங்கள்.

படிகாரம்: முதலில் முயல வேண்டியது

முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்ப்பார்களே, அந்தக் கல். ஆடிப் புதுவெள்ளத்தில் காவிரித் தண்ணீர் செம்மண்ணாக வரும்போது, தெளிய வைக்க வீடுகளில் கலக்கிய பொருளும் இதுதான். தோலைச் சற்றே இறுக்கும், பாக்டீரியாவை அடக்கும். வாசனை கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கும் கிடையாது. நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். படிகாரமும் அலுமினிய உப்புதான். 'அலுமினியம் இல்லாதது' என்று அட்டையில் போட்டுப் படிகாரக் கல்லை விற்பவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள். அலுமினியமே வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் பொடிக்குப் போங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த அலுமினிய உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் பூசக்கூடாது. அமெரிக்காவில் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் டப்பாக்களில் இந்த எச்சரிக்கையை அச்சிட்டாக வேண்டும் என்பது விதி. அந்த எச்சரிக்கையைப் படிகாரத்துக்கும் பொருத்திக்கொள்வது நல்லது.

வாங்கும்போது: "ஏனுங்கண்ணா, படிகாரம் நூறு கிராம் குடுங்க" என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். கட்டியாக, கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதை எடுங்கள். பொடித்ததை வாங்க வேண்டாம். அதே கடையில் வெங்காரமும் வெள்ளையாகத்தான் இருக்கும், பொடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. நீலமாக இருக்கும் மயில்துத்தம் விஷம், அதன் பக்கமே போகாதீர்கள்.

கல்லாகவே பயன்படுத்த:

1. குளித்துத் துடைத்த பின் கல்லைத் தண்ணீரில் நனையுங்கள்.
2. ஒவ்வொரு கக்கத்திலும் ஐந்தாறு முறை மெதுவாகத் தடவுங்கள். கூர்முனை இருந்தால் முதலில் தரையில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள்.
3. முழுக்கக் காயவிட்டுச் சட்டை போடுங்கள்.
4. கல்லைக் கழுவித் துடைத்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் கிடந்தால் கரைந்தே போய்விடும். ஆளுக்கொரு கல் இருக்கட்டும்.

தண்ணீராகத் தெளிக்க:

1. கொதித்து ஆறிய தண்ணீர் 200 மில்லி எடுங்கள்.
2. வீட்டில் நீங்களே பொடித்த படிகாரம் ஒரு மட்டமான தேக்கரண்டி, சுமார் 5 கிராம், போட்டுக் கரையுங்கள். கூடப் போட்டால் கூடப் பலன் கிடைக்காது, தோல்தான் வறண்டு எரியும்.
3. மெல்லிய வெள்ளைத்துணியில் வடிகட்டிப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தெளிப்பானில் ஊற்றுங்கள். உலோகத்தை இது அரிக்கும்.
4. பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

வாசனைக்காகப் பூஜைப் பன்னீரைக் கலக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் பன்னீரில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான் இருக்கும், தோலுக்கென்று தயாரித்ததும் அல்ல.

கவனம்: மழித்த அன்று படிகாரம் கூடாது. இரவில் மழித்துவிட்டு மறுநாள் மாலை பூசுங்கள். வெடிப்பு, புண், வேர்க்குரு இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சட்டையில் இதுவும் நாளடைவில் கறை படியவைக்கும், ஆனால் காயவிட்டுப் போட்டால் வெகுவாகக் குறையும்.

பொடி: ஈரம் அதிகம் உள்ளவர்களுக்கு

வாடை குறைந்தும் சட்டை நனைகிறதே என்பவர்களுக்கு இது. அடிப்படை கூவைக்கிழங்கு மாவு. அது கிடைக்காவிட்டால் மரவள்ளி ஸ்டார்ச் போதும். சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளில் தயாராவது, நமக்கு எட்டும் தூரம்தான். கூவை மாவு என்று சொல்லி மைதா கலந்ததைத் தலையில் கட்டிவிடுவதும் உண்டு. ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிப் பாருங்கள். நல்ல மாவு கண்ணாடி மாதிரித் தெளிந்த கூழாகும், மைதா கலந்தது வெள்ளையாகக் கலங்கி நிற்கும்.

1. மாவு 100 கிராமை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள்.
2. சமையல் சோடா அரைத் தேக்கரண்டி சேர்த்து மீண்டும் சலியுங்கள். தோல் மென்மையானவர்கள் சோடாவை விட்டுவிடலாம்.
3. நன்றாகக் காய்ந்த வெட்டிவேரைச் சிறு முடிச்சாகத் துணியில் கட்டி மாவு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். ஒரு வாரத்தில் வாசம் ஏறிவிடும். வேரைப் பொடித்துக் கலந்தால் வெள்ளைப் பனியன் பழுப்பேறும்.
4. உலர்ந்த கக்கத்தில் விரலால் ஒற்றிப் பூசுங்கள். பஞ்சால் தட்டித் தட்டிப் புகை கிளப்பாதீர்கள். எந்த மெல்லிய தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. பச்சைக்குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

சோடாவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் இயல்பாகவே சற்றுப் புளிப்புத்தன்மை கொண்டது. சோடா காரம். அளவு கூடினால் கக்கம் சிவந்து, தோல் உரிந்து, கறுத்துப்போகும். இயற்கை டியோடரன்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது இந்தச் சோடாதான். இன்னொன்று, துணி துவைக்கும் சலவைச் சோடாவும் இதுவும் ஒன்றல்ல. அது தோலைப் புண்ணாக்கிவிடும். பொட்டலத்தில் வெறுமனே 'சோடா' என்று கட்டி வந்ததை நம்பி எடுக்காதீர்கள்.

களிம்பு: மார்கழி, தையில் மட்டும்

தேங்காய் எண்ணெயும் மாவும் சோடாவும் குழைத்த களிம்புதான் வெளிநாட்டுச் செய்முறைகளில் முதலிடம். குளிர்நாட்டில் அது சரி. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகிவிடும். கொடுமுடியில் அது உறைந்து நிற்பதே குளிர்கால விடியலில்தான். ஆகவே தேன்மெழுகு இல்லாத செய்முறை நமக்கு உதவாது.

தேங்காய் எண்ணெய் 40 கிராம், தேன்மெழுகு 12 கிராம், கூவை மாவு 20 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. சுற்றிலும் தென்னந்தோப்பு, கொடுமுடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலேயே கொப்பரை ஏலம் போகிற ஊர். நல்ல செக்கு எண்ணெய் கிடைக்கும், பாக்கெட் எண்ணெய் வேண்டாம். மெழுகைக் காதி கடையில் கேளுங்கள். மெழுகுவர்த்தியை உடைத்துப் போடாதீர்கள்.

1. அகலப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் சிறு கிண்ணத்தை வைத்து மெழுகையும் எண்ணெயையும் உருக்குங்கள். நேரடித் தீயில் மெழுகை வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும்.
2. அடுப்பை அணைத்துக் கிண்ணத்தை வெளியே எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழக்கூடாது.
3. கொஞ்சம் ஆறியதும் மாவையும் சோடாவையும் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். சூட்டிலேயே மாவைக் கொட்டினால் அடியில் போய்த் தங்கும்.
4. வாயகன்ற டப்பாவில் ஊற்றி முழுக்க இறுகும்வரை மூடாமல் வையுங்கள்.

பட்டாணி அளவு போதும். மாசி பிறந்ததும் இதை எடுத்து வைத்துவிடுங்கள். வெயிலில் எண்ணெய்ப் பிசுக்கு வேர்வையோடு சேர்ந்து சட்டையை நாசமாக்கும்.

நலங்குமாவு: குளியலுக்கு மட்டும்

பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ. வீட்டுக்கு வீடு அளவு மாறும், அதில் நான் தலையிடுவதாக இல்லை. இரண்டு விஷயம் மட்டும். கார்போகரிசியை விட்டுவிடுங்கள். அதில் உள்ள சோரலென் என்ற பொருள் பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளமும் கருமையும் வரலாம். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது. எலுமிச்சைச் சாற்றைக் கக்கத்தில் தேய்ப்பதும் இதே காரணத்தால் தவறு. இரண்டாவது, ஈரோட்டு மஞ்சள் 2019ல் புவிசார் குறியீடு பெற்றது, நமக்குப் பெருமைதான். ஆனால் சமையல் மஞ்சளைக் குளித்த பின் கக்கத்தில் பூசினால் அக்கம்பக்கம் எல்லாத் துணியும் மஞ்சளாகும்.

நலங்குமாவு சோப்பு அளவுக்குக் கொழுப்பை எடுக்காது. உடம்புக்கு மாவு, கக்கத்துக்குச் சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூசும் முன் சோதனை

படிகாரமோ பொடியோ களிம்போ, எதுவானாலும் முதலில் முன்கையின் உட்பக்கம் ரூபாய் நாணயம் அளவு பூசி 48 மணி நேரம் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் ஒரு கக்கத்தில் மட்டும் மூன்று நாள், பிறகு இரண்டிலும். வேப்பெண்ணெய், யூகலிப்டஸ், கற்பூரம் என்று அவரவர் யோசனைக்குச் சேர்க்காதீர்கள். வாசனை எண்ணெய் எதையும் நீர்க்காமல் பூசக்கூடாது.

கடையில்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு

முன்பக்கத்து இலைப்படமும் பச்சை நிறமும் எதற்கும் சாட்சியல்ல. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அலுமினியம் குளோரோஹைட்ரேட், அலுமினியம் ஜிர்கோனியம் என்று இருந்தால் அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். பொட்டாசியம் ஆலம் என்றால் நம் படிகாரம். பியூட்டேன், ப்ரோப்பேன் என்றால் அமுக்கி அடைத்த எரிவாயு, அடுப்பருகே அடிக்கக்கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரிலோ வண்டிப் பெட்டியிலோ அந்த டப்பாவை விட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்று அதிலேயே போட்டிருக்கும், மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். பர்ஃப்யூம் அல்லது ஃபிராக்ரன்ஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை ரசாயனம் இருக்கிறது என்று வெளியே தெரியாது. அடிக்கடி அரிப்பு வருகிறவர்கள் முதலில் தவிர்க்க வேண்டியது அதைத்தான்.

சட்டையில் தங்கிய வாடை

உடம்பு சரியாகி, சட்டை மட்டும் நாறும் கட்டம் ஒன்று வரும். துவைத்துத் தேய்த்த சட்டையைப் போட்டுப் பத்து நிமிடத்தில் பழைய வாடை கிளம்பினால் குற்றம் துணியுடையது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து கக்கப் பகுதியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். அலசிவிட்டு வழக்கம்போலத் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள்.

அபாயம்: வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். காற்று வராத குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

பழனிக்குத் தீர்த்தம் எடுத்து நடப்பவர்களுக்கு

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு காவடியோடு நடந்து போகிறவர்களுக்கு வாடையைவிடத் தொடை உரசலும் கக்க உரசலும்தான் பெரிய பாடு. கிளம்பும் முன் உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுங்கள், பொடி வேண்டாம். வேர்வையில் பொடி கட்டிதட்டி இன்னும் அறுக்கும். பையில் ஒரு சிறு படிகாரக் கல், ஒரு மாற்றுப் பருத்தித் துண்டு. இரவு தங்கும் இடத்தில் குளித்துக் காய்ந்த பின் கக்கத்தில் மட்டும் கல்லைத் தடவலாம். உரசிப் புண்ணான தோலில் படிகாரம் பட்டால் துடித்துப்போவீர்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறாத நாற்றம், திடீரென்று மாறிய உடம்பு வாடை, உட்கார்ந்திருக்கும்போதே சொட்டும் வேர்வை, இரவில் படுக்கையை நனைக்கும் வேர்வை, கக்கத்தில் கட்டி, பழுப்புத் தேமல், முடியில் மஞ்சளாக ஒட்டும் படிவு. இவற்றுக்கெல்லாம் படிகாரத்தைக் கூட்டிக் கூட்டிப் பூசிக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர் மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை வந்து, வாந்தியோ சோர்வோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தோல் மருத்துவரிடம் போகும்போது பூசுகிற பொருளையும் கையில் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்துதான் என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மார்பகத்தை மேமோகிராம் எடுக்கப் போகும் பெண்கள் அன்று காலை படிகாரம், பொடி, களிம்பு, ஸ்ப்ரே எதையும் பூசக்கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவு போலத் தெரிந்து மருத்துவரைக் குழப்பிவிடும். மறந்து பூசியிருந்தால், படம் எடுக்கும் முன் சொல்லிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.